கசிவுக்குக் கொஞ்சம்

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. டயர் பஞ்சராகி நடுத்தெருவில் நிற்பவனிடம் "ரோலர் கடைக்குத் தள்ளிட்டுப் போ" என்றுதான் சொல்வார்கள். ரோலர் என்பது அண்ணனின் பட்டப்பெயர். சாலை போடுகிற இயந்திரம் மாதிரி அவன் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுப் போவான். குண்டாக இருப்பவனுக்குக் கோபம் வராது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. வரும், நன்றாகவே வரும். கோபப்பட்டால் மூச்சு வாங்கும் என்பதால் அவன் அதைச் செலவழிப்பதில்லை.

அந்த அண்ணனின் இரைப்பையைத்தான் ஒரு வளையம் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். அவன் அழகாக வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை. எல்லாம் பாப்பாவுக்காக.

பாப்பா என்றதும் தொட்டிலைத் தேடாதீர்கள். காதோரம் நரைத்த தங்கச்சி. கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு, இறுகிப்போன சட்டையைப் பிரித்துவிடுவது, தொளதொளத்ததைப் பிடிப்பது என்று பழைய துணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அது தெரிந்த மாதமே கட்டியவன் அவளை ஒரு பெட்டியோடு கொண்டுவந்து டயர் அடுக்குகளுக்கு நடுவே இறக்கிவிட்டு, "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அவனைப் பற்றி மேலே பேசினால் என் வாய்தான் கெடும், விடுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். அங்கே ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு உறுமல் தெரியும், தையல் மெஷின் மோட்டார் ஓடுகிற மாதிரி. காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். வலது கையில் போட்டது ஏற்கெனவே அடைத்துப் போயிருந்தது. கழுத்தில் குழாய் வைத்து, அது சீழ் பிடித்து, படாத பாடு பட்டாயிற்று. "இந்த இடது கை ஓடுற வரைக்கும்தாம்மா" என்று கிட்னி டாக்டர் சொல்லியிருந்தார். கை நிற்பதற்குள் ஒரு சிறுநீரகம் வந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணனுடையது பொருந்தியது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணனுக்குச் சதையும் ஜாஸ்தி, ஆட்டமும் ஜாஸ்தி. "ரெண்டுல எது நல்லதோ அதை எடுத்துக்கோங்க டாக்டர். நான் மிச்சத்தை வெச்சு ஓட்டிக்கிறேன்" என்றான், ஏதோ பழைய டயரைக் கழற்றிக் கொடுப்பவன் மாதிரி.

டாக்டர் அவனைத் தராசில் ஏற்றினார். முள் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"இந்த உடம்போட உங்களை மேசையில படுக்க வெச்சா, கொடுக்கிறவரும் போயிடுவார், வாங்கிக்கிறவங்களும் போயிடுவாங்க. எடையைக் குறைச்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

சொல்வது சுலபம். நடந்து பார்த்தான், முட்டி வீங்கியது. பட்டினி கிடந்து பார்த்தான். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட மாதிரி இரண்டு ரொட்டித் துண்டோடு எழுந்தவன், மதியத்துக்குள் பக்கத்து பேக்கரியில் நின்றான். கடைசியில்தான் அந்த வளையம் வந்தது. வயிற்றை வெட்டுவதில்லை, குடலைத் தொடுவதில்லை. இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சிலிக்கான் வளையத்தை மாட்டிவிடுவார்கள். வளையத்துக்குள் காலியிடம் உண்டு. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, விலா எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு பொத்தானில் முடியும். தோல்வழியாகப் பொத்தானில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். இறுகினால் சாப்பாடு மெல்ல இறங்கும், கொஞ்சத்திலேயே நிறையும். டாக்டர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோதே அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது ட்யூப்பு டாக்டர். இது வால்வு. இதைப் போய் இவ்வளவு நேரமா சொல்றீங்களே."

அன்றிலிருந்து அது அவனுக்கு வால்வுதான். கடைக்கு வருகிறவர்களிடம் சட்டையைத் தூக்கிக் காட்டி, "தொட்டுப் பாரு, எனக்கே வால்வு வெச்சாச்சு. இனிமே காத்து இறங்கினா நானே அடிச்சுக்குவேன்" என்பான். கூட்டம் சிரிக்கும். அப்போது அது வெறும் பகடிதான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆஸ்பத்திரியில் வளையத்துக்கென்றே ஒரு நர்சம்மா இருந்தாள். கண்டிப்பானவள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவாள். ஏற்றியதும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து, "குடிச்சுக் காட்டாம யாரும் இந்த ரூமை விட்டுப் போகக் கூடாது" என்பாள். அண்ணன் நல்ல பிள்ளையாகக் குடித்துக் காட்டிவிட்டு வருவான். உடம்பு இறங்கியது. பாப்பா அவன் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள். வெட்டி எடுத்த துணியைத் தூக்கிப் போட மனமில்லாமல் மெஷின் டிராயரில் போட்டு வைத்தாள். டிராயர் நிறைய நிறைய அவளுக்கு உயிர் வந்தது.

பிறகு எடை நின்றுவிட்டது. வயிற்றைக் கட்டியாயிற்று, வாயைக் கட்ட முடியவில்லை. ரொட்டியும் கறியும் வளையத்தில் போய் நின்று தகராறு செய்யும், ஐஸ்கிரீம் அப்படியா? உருகி, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். கம்ப்ரஸருக்குப் பின்னால் ஒளிந்து நின்று டப்பாவைக் காலி செய்வதை அண்ணி பார்த்துவிட்டாள். அண்ணி சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். கறை எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

"சட்டையில என்ன வெள்ளையா?"

"கிரீஸு."

"ஏன், புதுசா வெனிலா வாசனையில கிரீஸ் வருதா?" என்றாள் அண்ணி. அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பாப்பாவால்தான் சிரிக்க முடியவில்லை. உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்து, கால் வைக்காமல் சும்மா இருந்தாள். அவன் நக்கித் தின்றது தன் நாட்களை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் தோன்றியது போகவில்லை.

அந்த வாரம்தான் கையில் உறுமல் குறைந்தது. காலையில் விரல் வைத்தாள்; ஒன்றும் தெரியவில்லை. மூச்சு நின்றவள் போல அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து எங்கோ ஆழத்தில் ஒரு முனகல் கேட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி, ரத்தக் குழாயின் அடைப்பை எடுத்துவிட்டார்கள். கிட்னி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணனை அறைக்குள் கூப்பிட்டார்.

"மாற்று ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டி அடுத்த வாரம் கூடுது. அன்னிக்கு உங்க எடை நான் சொன்ன அளவுக்குள்ள இருந்தா உடனே தேதி வாங்கித் தரேன். இல்லைன்னா அதுக்கடுத்து எப்பன்னு எனக்கே தெரியாது. இந்தக் கை அதுவரைக்கும் தாங்காது."

அண்ணன் அங்கிருந்து நேராக நர்சம்மாவிடம் போனான். பாப்பாவும் கூடப் போனாள்.

"இறுக்குங்க."

நர்சம்மா அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், என்னென்ன சாப்பிடுகிறான் என்று கேட்டாள், அவன் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வளையம் சரியான அளவுல இருக்கு. இதுக்கு மேல ஒரு பொட்டு ஏத்தினாலும் தண்ணி இறங்காது. தப்பு வளையத்துல இல்லை, உங்க நாக்குல இருக்கு. அதுக்கு என்கிட்ட ஊசி இல்லை."

"நர்சம்மா, என் தங்கச்சி உயிரு."

"அதனாலதான் மாட்டேங்கிறேன்."

வீடு வந்ததும் அண்ணன், "ஒரு வால்வுல காத்தடிக்க ஒரு அம்மாகிட்ட கெஞ்சணுமா?" என்றான். பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அந்த இடத்திலேயே, "சும்மா இருண்ணே, விளையாட்டா இது?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் சொன்னது வேறு.

"உப்புநீர் மருந்துக் கடையில கிடைக்கும்ணே."

மருந்துக் கடையில் ஊசி கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். அவளிடம் கேட்கவில்லை. அவள் கையில் புடைத்துக்கொண்டிருக்கும் நரம்பைப் பார்த்தவர்கள் யாரும் எதையும் கேட்பதில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

எடை பார்க்க நாலு நாள் இருக்கையில், அண்ணி வேலைக்குப் போன பிறகு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அண்ணன் பின்னறைக்கு வந்தான். துணி வெட்டும் மேசைமேல் ஏறிப் படுத்தான். மேசை ஒரு முறை முனகிவிட்டுத் தாங்கிக்கொண்டது. படுத்தால் நெஞ்சுச் சதை மறைத்து அவனால் பொத்தானைப் பார்க்க முடியாது. குத்த வேண்டியவள் பாப்பாதான். காலமெல்லாம் ஊசியோடு வாழ்கிறவள், ஊசி குத்திக்கொண்டே வாழ்கிறவள். தோலுக்கு அடியில் பொத்தான் கெட்டியாக விரலில் தட்டுப்பட்டது. துணியில் குறி போடும் சுண்ணக்கட்டியால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பஞ்சால் துடைத்தாள். குறி அழிந்தது. மறுபடி போட்டாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதண்ணே. ஆடுது."

குத்தினாள். ஊசி எதிலோ போய் முட்டி நின்று, பிறகு உள்ளே இறங்கியது. நர்சம்மா வழக்கமாக ஏற்றும் அளவு அண்ணனுக்கு மனப்பாடம். அந்த அளவு வந்ததும் நிறுத்தினாள்.

"போதுமாண்ணே?"

"இன்னும் கொஞ்சம் போடு."

"எதுக்கு? நர்சம்மா இவ்வளவுதானே போடுவாங்க?"

"ஊசியை உருவும்போது கசியும்ல? அளவு பார்த்துட்டுக் கருவியை எடுக்கிறப்ப எந்த ட்யூப்பும் புஸ்ஸுன்னு கொஞ்சம் விடத்தான் செய்யும். அதனால நான் எப்பவும் கூட வெச்சே அடிப்பேன். கசிவுக்குக் கொஞ்சம். தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், போடு."

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. அவளும் அளவுக்குச் சரியாகத் துணி வெட்டுவதில்லை. தையலுக்கென்று ஓரம் விட்டுத்தான் வெட்டுவாள். விடாதவள் தையல்காரியே இல்லை. அமுக்கினாள். ஊசியை உருவினாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. இரண்டு பேரும் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள்.

நர்சம்மா மாதிரியே தண்ணீர் கொடுத்துச் சோதனையும் செய்தார்கள். மெல்ல, வாய் வாயாக, ஒரு டம்ளர் இறங்கியது. அண்ணன் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். "பார்த்தியா? இதுக்குப் போய் அந்தம்மா என்ன பந்தா பண்ணுச்சு."

சாயங்காலம் பால் இறங்கவில்லை. குத்திய இடமும் இறுகிய இடமும் உள்ளே வீங்கிக்கொண்டன போல. மறுநாள் தண்ணீர் குடித்தால் நெஞ்சுவரை போய் நின்று, வலித்து, அப்படியே திரும்பி வந்தது. அதற்கடுத்து எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பழைய பெயின்ட் டப்பா ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே டயர் கழற்றினான். கேட்டவர்களிடம் பல்வலி என்றான். அண்ணியிடம் பத்தியம் என்றான். அண்ணி நம்பினாள். ஐஸ்கிரீம் வாசனை வரவில்லையே, அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

எடையோ இறங்கு இறங்கு என்று இறங்கியது. காலையில் தராசில் ஏறிவிட்டு அண்ணன் ஜன்னல் வழியாகப் பின்னறைக்கு, எத்தனை குறைந்தது என்று விரல் விட்டுக் காட்டுவான். பாப்பா தலையாட்டுவாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் தாகத்தைப் பற்றி அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. சிறுநீர் போகாத உடம்புக்குத் தண்ணீரே விஷம். ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று அவளுக்கு அளவு உண்டு. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு, காலையில் அந்தக் கோடு வரை நிரப்பிக்கொள்வாள். அன்றைக்கு முழுதும் அதுதான். வெயிலில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்காக மெஷின் ஓட்டுவாள். உதடு எப்படி வெடிக்கும், நாக்கு எப்படி மேலண்ணத்தில் ஒட்டும், பேசும்போது வார்த்தை எப்படி இழுபடும் என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். அண்ணன் வந்து வாசல்படியில் உட்கார்ந்தபோது அவன் நாக்கு அவள் கண்ணில் பட்டது. காய்ந்த தோல்வார் போல இருந்தது.

"ஒண்ணுக்குப் போனியாண்ணே?"

"போச்சு, போச்சு."

"எப்ப?"

அவன் யோசித்தான். யோசித்தது போதும் அவளுக்கு.

"எடுத்துடலாம்ணே. கொஞ்சம் மட்டும்."

"எடை பார்க்கிற நாள் முடியட்டும் பாப்பா. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இப்ப எடுத்தா நேத்து குறைஞ்சது நாளைக்கு ஏறிடும்."

"உன்னால நிக்கவே முடியலையே."

"நிக்க எதுக்கு? தராசுல ஏறி இறங்கினா போதும்ல."

அவள் கேட்கவில்லை. மல்லுக்கட்டி மேசையில் படுக்க வைத்தாள். குத்தினாள், ஊசி வழுக்கியது. மறுபடி குத்தினாள், உறிஞ்சினால் காற்றுதான் வந்தது. பொத்தான் உள்ளே புரண்டுவிட்டதா, வீக்கத்தில் இடம் மாறிவிட்டதா, அவளுக்கு எப்படித் தெரியும்? அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இன்னொரு முறை குத்தியதும் அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வலியைக் காட்டிக்கொள்ளாத முகம்.

"விடு. எடை பார்த்த கையோட நர்சம்மாகிட்டயே போயிடலாம். திட்டட்டும், வாங்கிக்கலாம்."

அவன் கடைப்பக்கம் போனதும் அவள் போனை எடுத்தாள். நர்சம்மாவின் எண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. ஒரே ஒரு போன். "தண்ணி இறங்கல நர்சம்மா" என்று சொன்னால் போதும். உடனே வரச் சொல்வார்கள், தளர்த்துவார்கள், அண்ணன் வயிறாரக் குடிப்பான். எடை நாள் போகும். கமிட்டி போகும். போனைப் பிடித்திருந்த இடது கையில் வலது கை விரலை வைத்துப் பார்த்தாள். முனகல் நேற்றைவிட மெலிந்திருந்தது. அவள் சாக விரும்பவில்லை. இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய். நரைத்த தலையும் விட்டுப்போன புருஷனும் டயர் நாற்றமடிக்கிற ஓர் அறையும்தான் அவள் வாழ்க்கை. ஆனாலும் அவளுக்கு அது வேண்டும். இன்னும் கொஞ்சம்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். தெய்வமே, அண்ணனைத் தாங்கிப்பிடி என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எடை பார்க்கும் நாள் காலையில் அண்ணனுக்கு அவள் பிடித்துத் தைத்த சட்டையும் தொங்கியது. கண் உள்ளே போயிருந்தது. அண்ணிக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "என்னங்க, கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு? நானும் வரேன்" என்று வேலைக்குப் போகாமல் கூடவே கிளம்பினாள். வண்டியில் அவன் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். பாப்பா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் கோடு போட்ட பாட்டில், அன்றைய தண்ணீரோடு.

தராசு அதே தராசு. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான். முள் ஆடி ஆடி நின்றது. உதவியாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "அளவுக்குள்ள இருக்கீங்க. இன்னும் கொஞ்சம் கீழயே இருக்கீங்க" என்றார்.

அண்ணன் திரும்பிப் பாப்பாவைப் பார்த்தான். வெடித்த உதட்டோடு சிரித்தான். அவளுக்கு அழுகை பொங்கியது, வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் தூக்கிச் சுமந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். கையை மடக்கிக்கொண்டு எழுந்தவன், "பாப்பா" என்றான், ஓர் அடி வைத்தான், வைத்த கால் மடங்கி அப்படியே விழுந்தான். விழுந்த சத்தத்தில் நடைவழியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அப்போதும் அவன் பெரிய ஆள்தான்.

நர்சம்மாவை ஓடிப் போய்க் கூட்டி வந்தார்கள். அவள் வந்ததும் அவன் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கினாள். பொத்தானைச் சுற்றிக் கன்றிப்போன ஊசிக் குத்துகள். ஓரத்தில் சுண்ணக்கட்டித் துகள்.

"யார் குத்தினது?"

"நான்தான்" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"படுத்துக்கிட்டு அந்த இடத்தை உங்களால பார்க்கவே முடியாது. யார் குத்தினது?"

"நான்" என்றாள் பாப்பா.

நர்சம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று பாப்பா காத்திருந்தாள். திட்ட நேரமில்லை அவளுக்கு. விரலால் அமுக்கி, புரண்டு கிடந்த பொத்தானைத் தேடிப் பிடித்து, சரியான ஊசியால் ஒரே குத்து. உறிஞ்சியதும் ஊசிக்குழல் நிறைந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள், "இவ்வளவா" என்று மட்டும் சொன்னாள். இன்னொரு பக்கம் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அண்ணனின் தொண்டை முதல்முறையாக ஏறி இறங்கியது, எச்சிலை விழுங்கினான்.

"தண்ணி இருக்கா? கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும்" என்றாள் நர்சம்மா.

பாப்பா பையைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். நர்சம்மா அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாய் இறங்கியது. கோடு வரை இருந்த தண்ணீர் மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அண்ணி கட்டிலின் மறுபக்கம் நின்றாள். பாப்பாவைப் பார்த்தாள். பெயின்ட் டப்பா, பல்வலி, பத்தியம் எல்லாம் அவள் கண்ணில் ஒன்றாகச் சேர்வது தெரிந்தது.

"உனக்குத் தெரியுமா பாப்பா, இவர் தண்ணிகூடக் குடிக்கலன்னு?"

"தெரியும் அண்ணி."

அண்ணி நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. திரும்பி அவன் பாதத்தைத் தேய்த்துவிடத் தொடங்கினாள்.

கிட்னி டாக்டர் வர மத்தியானம் ஆயிற்று. ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பாப்பாவை மட்டும் நடைவழிக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லும்போது உட்காரச் சொல்வார். அவள் உட்காரவில்லை.

"உள்ள தண்ணியே இல்லாம அவர் கிட்னி ரெண்டும் பலமா அடி வாங்கியிருக்கும்மா. தேறலாம். முழுசா தேறாமலும் போகலாம். எதுவானாலும், இனிமே அதுல ஒண்ணை எடுக்க நான் கத்தியைத் தொட மாட்டேன். அவருக்கே ரெண்டும் வேணும்."

"எடை சரியா இருந்துச்சே டாக்டர்."

"இருந்துச்சு" என்றார் அவர். அவள் தோளில் கை வைக்கப் போனவர், வைக்காமல் நகர்ந்தார்.

அவள் நடைவழியில் இருந்த குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். தண்ணீர் உதட்டில் வழிந்தது. பழக்க தோஷம், துப்பிவிட்டாள்.

அறைக்குள் அண்ணன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள். காலி பாட்டில் அவன் மடியில் கிடந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு? எடை ஓகேதானே?"

"ஓகேதாண்ணே. கீழயே இருக்குதாம்."

"நான்தான் சொன்னேன்ல." கண்ணை மூடிக்கொண்டு அதை ரசித்தான். "நர்சம்மா கத்துச்சா?"

"கத்துச்சு."

"கத்தட்டும். தேதி எப்பன்னு கேட்டியா?"

"சொல்லுவாங்கண்ணே. நீ முதல்ல உடம்பைத் தேத்து."

"நான் தேறிடுவேன். உன் கையைத்தான் நீ பத்திரமா பாத்துக்கணும், அதுவரைக்கும்." பாட்டிலைத் தூக்கி அவளிடம் நீட்டினான். "இன்னும் கொஞ்சம் தண்ணி தா பாப்பா. என்ன ருசிங்கிற. தண்ணிக்கு இவ்வளவு ருசின்னு எனக்கு இவ்வளவு நாளா தெரியாமப் போச்சு."

அவள் வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் ஏறி ஏறிக் கோட்டைத் தொட்டது. கை தானாகக் குழாயை மூடப் போனது. மூடவில்லை. கோட்டைத் தாண்டி, கழுத்து வரை நிரம்ப விட்டாள். கொண்டுவந்து அவன் வாயில் வைத்தாள். அவன் நிறுத்தி நிறுத்திக் குடித்தான். ஒவ்வொரு வாய்க்கும் அவள் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

பாதியில் நிறுத்திவிட்டு, "உனக்கு?" என்றான்.

"எனக்கு இன்னிக்குள்ளது ஆச்சுண்ணே. நீ குடி" என்றாள்.

காலையிலிருந்து அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.